வேகமான திரையா, தெளிவான திரையா?

தீபாவளிக்குக் கிடைத்த அங்பாவ் பணத்தைச் செலவழிக்காமல் வைத்திருக்கிறீர்கள். மீதியைப் போடுவதாக அப்பாவும் சொல்லிவிட்டார். ஆனால் ஒரு நிபந்தனை: "ஒரு தடவைதான் வாங்கித் தருவேன். அப்புறம் மாற்றிக் கேட்கக்கூடாது." பொந்தியானிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் பயணம் செய்து ஜொகூர் பாரு கணினிக் கடைக்குப் போகிறீர்கள். கிட்டத்தட்ட ஒரே விலையில் இரண்டு பெட்டிகள் உங்கள் முன் இருக்கின்றன. ஒன்றில் ‘4கே’ என்று எழுதியிருக்கிறது, மற்றொன்றில் ‘144 ஹெர்ட்ஸ்’. கணினி விளையாட்டுக்கு எதை எடுப்பீர்கள்?

கடையில் ஓடும் காட்சிப் படத்தைப் பார்த்தால் 4கே திரைதான் கண்ணைப் பறிக்கும். அதில் காட்டுவது பெரும்பாலும் அசையாத மலை, பூ, மெதுவாக நகரும் கடல். அங்கேதான் ஏமாந்துவிடுகிறோம்.

முதலில் எண்களைப் பார்ப்போம். சாதாரண ‘ஃபுல் எச்டி’ திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 படப்புள்ளிகள். பெருக்கினால் ஏறத்தாழ 20 லட்சம். 4கே திரையில் 3840-க்கு 2160, அதாவது ஏறத்தாழ 83 லட்சம். சரியாக நான்கு மடங்கு. இதுதான் தெளிவுத்திறன். ஹெர்ட்ஸ் என்பது வேறு கணக்கு. ஒரு வினாடியில் திரை எத்தனை முறை புதிய படத்தைக் காட்டுகிறது என்பதை அது சொல்கிறது. 60 ஹெர்ட்ஸ் திரை ஒவ்வொரு படத்தையும் 16.7 மில்லிவினாடி பிடித்து வைத்திருக்கும். 144 ஹெர்ட்ஸ் திரையில் அது 6.9 மில்லிவினாடிதான்.

‘பிடித்து வைத்திருக்கும்’ என்பதைக் கவனியுங்கள். வீட்டில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். உங்கள் கையில் இருக்கும் இந்த நாளிதழை மெதுவாக இடமிருந்து வலமாக நகர்த்தி, கண்ணால் அதைத் தொடர்ந்தபடியே தலைப்பைப் படியுங்கள். படிக்க முடிகிறது. இப்போது திறன்பேசியில் ஒரு கட்டுரையைத் திறந்து, அதே வேகத்தில் விரலால் மேலே தள்ளிக்கொண்டே படியுங்கள். எழுத்துகள் மங்கும். ஏன்?

தாள் இடைவிடாமல் நகர்கிறது, கண்ணும் கூடவே நகர்கிறது. திரையிலோ படம் உண்மையில் நகர்வதில்லை. ஓரிடத்தில் நிற்கிறது, பிறகு தாவுகிறது, மறுபடியும் நிற்கிறது. அது நிற்கும் அந்த நேரத்திலும் கண் நகர்ந்துகொண்டேயிருப்பதால், விழித்திரையில் படம் இழுபட்டுப் பதிகிறது. பழைய குழாய்த் தொலைக்காட்சிகளில் இந்தத் தொல்லை குறைவு. அவை ஒவ்வொரு படத்தையும் மின்னல்போல் காட்டிவிட்டு அணைத்துவிடும்.

சுடும் விளையாட்டில் எதிராளி திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு வினாடியில் ஓடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஃபுல் எச்டி, 60 ஹெர்ட்ஸ் திரையில் அவன் ஒவ்வொரு முறையும் 32 புள்ளி தாவுகிறான். நீங்கள் கண்ணால் தொடர்ந்தால் உருவமும் ஏறக்குறைய அத்தனை புள்ளி அகலத்துக்கு இழுபடும். 144 ஹெர்ட்ஸில் அது 13 புள்ளியாகச் சுருங்குகிறது. 4கே திரை 60 ஹெர்ட்ஸில் ஓடினால்? புள்ளிகள் சிறியவை என்பதால் 64 புள்ளி இழுபடும். நான்கு மடங்கு புள்ளிகளுக்குக் காசு கொடுத்தீர்கள், எதிராளி ஓடத் தொடங்கியதும் அவை ஒன்றோடொன்று கலந்துவிட்டன. என் கணிப்பில், வேகமான திரை தரும் பெரிய நன்மை இதுதான். ‘சில மில்லிவினாடி முந்தலாம்’ என்பது அடுத்தபடி. ஒன்றைப் பார்த்து விரலை அசைக்க மனிதருக்கு ஏறக்குறைய 200 மில்லிவினாடி ஆகும். 60-லிருந்து 144-க்கு மாறுவதால் சராசரியாக மிச்சமாவது 5 மில்லிவினாடி அளவுதான்.

பெட்டியில் ‘1 மில்லிவினாடி’ என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்களே, அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு புள்ளி ஒரு சாம்பல் நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற எடுக்கும் நேரத்தை, மிகச் சாதகமான நிலையில் அளந்த எண் அது.

அடுத்து, வீட்டிலிருக்கும் கணினி. திரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் படத்தை வரைந்து தருவது உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸ் அட்டைதான். ஃபுல் எச்டி 144 ஹெர்ட்ஸுக்கு அது வினாடிக்கு ஏறத்தாழ 30 கோடி புள்ளிகளை நிரப்ப வேண்டும். 4கே 60 ஹெர்ட்ஸுக்கு 50 கோடி. 4கே 144 ஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 120 கோடி! ஐந்தாறு வருடம் பழைய கணினியில் 4கே திரையை மாட்டினால், விளையாட்டு வினாடிக்கு 25, 30 படங்களுக்கு இறங்கி நொண்டலாம். திரையோடு அட்டையையும் மாற்ற வேண்டும் என்று அப்போது அப்பாவிடம் போய்ச் சொல்ல முடியுமா?

இதனால் 4கே வீண் என்று நினைக்க வேண்டாம். கூர்மையான பார்வை உள்ளவர் 60 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து ஏறக்குறைய 0.17 மில்லிமீட்டர் அளவைப் பிரித்தறிவார். 24 அங்குல ஃபுல் எச்டி திரையில் ஒரு புள்ளியின் அளவு 0.28 மில்லிமீட்டர். எனவே எழுத்துகளின் ஓரத்தில் படிக்கட்டுபோன்ற வெட்டு தெரியும். 27 அங்குல 4கே திரையில் புள்ளி 0.16 மில்லிமீட்டர், கண்ணுக்குத் தனித்தனியாகப் பிடிபடாது. நாள் முழுக்கப் பாடக் குறிப்புகள் படிப்பவருக்கும், படம் வரைபவருக்கும் இது பெரிய வரம்.

நீங்கள் ஆடும் விளையாட்டு எது என்பதும் முக்கியம். 2019-இல் பிலிப்பைன்ஸில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டுகள் முதன்முறையாகப் பதக்கப் போட்டிகளாயின. அதில் மலேசியாவுக்குத் தங்கம் வென்ற யூ வெங் கியான் ஒரு மருத்துவர். அவர் ஆடியது ‘ஹார்த்ஸ்டோன்’ என்ற சீட்டு விளையாட்டு. ஒவ்வொரு முறைக்கும் யோசிக்க ஒரு நிமிடத்துக்கும் மேல் கிடைக்கும். அங்கே 144 ஹெர்ட்ஸால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

பொந்தியான்காரர்களுக்கு ஓர் அதிர்ஷ்டமும் உண்டு. ‘டோட்டா 2’, ‘வேலரண்ட்’ போன்ற விளையாட்டுகளுக்கான சர்வர்கள் சிங்கப்பூரில் இருக்கின்றன. கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லிவினாடியில் 200 கிலோமீட்டர் போகும். பொந்தியானிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் 60 கிலோமீட்டருக்குள். கம்பி சுற்றிக்கொண்டு போனாலும் தூரத்தால் வரும் தாமதம் சொற்பம்தான். அப்படியும் சுட்ட குண்டு தாமதமாகப் பாய்கிறது என்றால், காரணத்தை வீட்டுக்குள் தேடுங்கள். சுவருக்கு அப்பால் இருக்கும் வைஃபை ஒரு காரணம். வரவேற்பறைத் தொலைக்காட்சியைத் திரையாகப் பயன்படுத்துவது இன்னொன்று. தொலைக்காட்சி படத்தை மெருகேற்றிவிட்டுத்தான் காட்டும். அதற்கே பல பத்து மில்லிவினாடிகள் ஓடிவிடும். ரிமோட்டை எடுத்து ‘கேம் மோட்’ போட்டால் இந்தத் தாமதம் பெரிதும் குறையும். செலவு ஒரு காசும் இல்லை.

வாங்குவதற்கு முன் தாமதத்தை அளந்தும் பார்க்கலாம். பல திறன்பேசிகள் வினாடிக்கு 240 படம் வீதம் மெதுநகர்வுக் காணொளி எடுக்கும். மௌசும் திரையும் சேர்ந்து தெரியும்படி திறன்பேசியை நிறுத்தி, விளையாட்டில் ஒரு முறை சுடுங்கள். விரல் பொத்தானை அழுத்திய படத்திலிருந்து திரையில் தீப்பொறி தெரியும் படம்வரை எண்ணுங்கள். ஒவ்வொரு படமும் 4.2 மில்லிவினாடி. 12 படம் வந்தால் மொத்தத் தாமதம் 50 மில்லிவினாடி. பத்து முறை செய்து சராசரி எடுங்கள். திரை புதுப்பிக்கப்படும் சுழற்சியில் உங்கள் விரல் எந்த நொடியில் விழுகிறதோ அதற்கேற்ப விடை சற்று மாறும்.

சுடும் விளையாட்டு, கார்ப்பந்தயம், பழைய கணினி என்றால் நான் 24 அங்குல ஃபுல் எச்டி 144 ஹெர்ட்ஸ் பெட்டியைத்தான் தூக்குவேன். வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டியதும் கணினியின் திரை அமைப்புகளுக்குள் போய்ப் புதுப்பிப்பு வேகத்தைப் பாருங்கள். பல வேளைகளில் அது 60 ஹெர்ட்ஸிலேயே நின்றிருக்கும். அதை 144-க்கு மாற்றாமல், ‘நல்ல வித்தியாசம் தெரிகிறது’ என்று மாதக்கணக்கில் நண்பர்களிடம் பெருமையடித்தவர்களும் உண்டு.