ட்ரோன் காவலாளியும் திறந்து கிடந்த சர்வரும்



போன எபிசோடில் ட்ரோன் காவல் பற்றிப் பேசினோம் இல்லையா? அதைக் கேட்டுட்டு, கெமிக்கல் ப்ளான்ட் ஒன்றில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருக்கும் நேயர் எழுதியிருந்தார்: "எங்க சைட்டுக்கும் இது வரப்போகுது. நான் என்ன கேக்கணும்?"

வேலை நடக்கும் விதம் எளிதுதான். வேலியில் ஏதோ அசைந்தால் அலாரம் அடிக்கும். பெட்டி திறந்து ட்ரோன் தானாகக் கிளம்பும். தெர்மல் கேமராவில் இருட்டிலும் ஆள் தெரிவார். பார்த்துட்டு வந்து சார்ஜ் ஏற உட்காரும். டார்ச்சோடு ஒருத்தர் வேலி முழுக்க நடப்பதைவிட வேகம். ஆனால் பலத்த காற்றிலும் கனமழையிலும் கிளம்பாது, அதனால அந்த டார்ச் ஆளை வீட்டுக்கு அனுப்பிடாதீங்க.

முதல் தலைவலி பொய் அலாரம். கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி வரும், வலை ஆடினால் அலாரம்! சிரிக்காதீங்க. ராத்திரியில் முப்பது தடவை சும்மா அடிச்சா, முப்பத்தோராவதை யாரும் எழுந்து பார்க்க மாட்டாங்க. அதனால சேல்ஸ்காரர் பகலில் காட்டும் டெமோவை நம்பாமல், உங்க சைட்டிலேயே ஒரு மாசம் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்க.

இரண்டாவது விஷயத்தை யாரும் கேட்பதில்லை. 2021 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் வெர்காடா என்ற கேமரா கம்பெனிக்குள் ஹேக்கர்கள் புகுந்தாங்க. வாடிக்கையாளர் உதவிக்கு வைத்திருந்த ஒரு சர்வர் சரியாகப் பூட்டப்படவில்லை. அதன் வழியாக அட்மின் அதிகாரமே கைக்கு வந்துட்டது. சுமார் 1,50,000 கேமராக்களைப் பார்க்க முடிந்ததாக ஹேக்கர்கள் சொன்னாங்க. ஆஸ்பத்திரி, ஜெயில், டெஸ்லா கிடங்கு எல்லாம் அதில் அடக்கம். 97 வாடிக்கையாளர்களின் கேமராக்கள்தான் பார்க்கப்பட்டன என்றது கம்பெனி. எப்படியோ, வேலியே பயிரை மேய்ந்த கதை.

2024-ல் அமெரிக்காவின் எஃப்.டி.சி.யோடு அந்தக் கம்பெனி சமரசத்துக்கு வந்தது. 29.5 லட்சம் டாலர் அபராதம். எதுக்குத் தெரியுமா? விளம்பர ஈமெயில் விதியை மீறியதுக்கு! கேமரா விஷயத்துக்கு, இனி முறையான பாதுகாப்புத் திட்டம் வைக்கணும் என்ற உத்தரவுதான். எனக்கு இது இன்னும் ஜீரணமாகலை.

ட்ரோன் வீடியோவும் பெரும்பாலும் இதே மாதிரி யாரோ ஒருத்தருடைய கிளவுடுக்குத்தான் போகுது. அது திருடனை மட்டும் படம் பிடிக்காது. ஷெட் ஓரமா உக்காந்து டீ குடிக்கிற உங்க ஆட்களையும் பிடிக்கும், எந்த டேங்க் எங்கே இருக்கு என்பதையும் பிடிக்கும்.

அதனால அண்ணே, விற்க வர்றவங்ககிட்ட இதைக் கேளுங்க: எங்களைக் கேட்காமல் எங்க வீடியோவை உங்க கம்பெனியில் எத்தனை பேர் திறக்க முடியும்? திறந்தால் எங்களுக்குத் தகவல் வருமா? எத்தனை நாளில் அழிப்பீங்க? வாய்ப் பேச்சா வேண்டாம், ஒப்பந்தத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்க. என்ன பதில் வந்ததுன்னு எங்களுக்கும் ஒரு வரி எழுதுங்க, அடுத்த எபிசோடில் படிக்கிறோம்.