கட்டில் இருக்கட்டும், மின்விசிறியை மாற்றுங்கள்

ஆடித் தள்ளுபடி தொடங்கிவிட்டால் பர்னிச்சர் கடைகளில் கால் வைக்க இடமிருக்காது. பழைய சோபாவைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்துப் போகச் சொல்லும் விளம்பரங்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மெத்தையிலிருந்து பெயிண்ட் டப்பா வரை எல்லாவற்றின் மேலும் ஒரு பச்சை இலைப் படம். அந்த இலையைப் பார்த்து வாங்கினால் சுற்றுச்சூழலுக்கு நல்லது செய்தோம் என்ற நிம்மதி கிடைக்கிறது. உண்மையில் நல்லதுதானா என்று பார்க்க, வீட்டுச் சாமான்களை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்: சும்மா இருப்பவை, ஓடுபவை.

கட்டில், பீரோ, மேசை எல்லாம் சும்மா இருப்பவை. செய்து முடித்து வீட்டுக்கு வந்த பிறகு அவை மின்சாரமும் கேட்பதில்லை, தண்ணீரும் கேட்பதில்லை. மரம் வெட்டியது, பசை காய்ச்சியது, லாரியில் ஏற்றியது என்று அவற்றால் வரும் கேடெல்லாம் வாசலுக்கு வருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. பத்து வருடத்தில் தூக்கிப் போடும் கட்டிலை நாற்பது வருடம் வைத்துக்கொண்டால், ஆண்டுக் கணக்கில் அந்தக் கேடு கால் பங்காகிவிடும். மின்விசிறி, ஃப்ரிட்ஜ், ஏ.சி. போன்றவை நேர் எதிர். அவற்றைச் செய்ய ஆகும் செலவைவிட, பதினைந்து வருடம் ஓட்ட ஆகும் மின்சாரமே பெரிது. நம்மில் பலர் செய்வது தலைகீழ். ஏழு வருடத்துக்கு ஒரு முறை சோபாவை மாற்றுவோம். கூடத்தில் சுற்றும் பழைய விசிறியை மட்டும், “அந்தக் காலத்து அயிட்டம், இன்னும் கல்லு மாதிரி ஓடுது” என்று பெருமையாக வைத்திருப்போம்.

அந்தக் கல்லு மாதிரி ஓடும் விசிறி சுமார் 75 வாட் இழுக்கிறது. இப்போது வரும் பி.எல்.டி.சி. மோட்டார் விசிறிக்கு ஏறக்குறைய 30 வாட் போதும். நம்மூர் வெயிலில் ஒரு விசிறி நாளுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டு மாத ரீடிங்கில் ஒரு விசிறிக்கு மட்டும் 40 யூனிட் குறையும். இரண்டை மாற்றினால் 80. தமிழ்நாட்டில் இந்த எண்ணுக்குத் தனி மதிப்பு உண்டு. முதல் 100 யூனிட் இலவசம், 500-ஐத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். 560-இல் நிற்கும் குடும்பம் இரண்டே விசிறிகளால் அந்தக் கோட்டுக்குக் கீழே வந்துவிடலாம்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். பழைய விசிறியில் காயில் எரிந்தால் தெருமுனை எலக்ட்ரீஷியன் சுற்றிக் கொடுத்துவிடுவார். பி.எல்.டி.சி.யில் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு போனால் அவரால் பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியாது. வாங்கும்போது போர்டுக்கு எத்தனை வருட வாரண்டி என்று கேட்பது, எத்தனை ஸ்டார் என்று கேட்பதைவிட முக்கியம். (கூரை விசிறிகளுக்கு 2023 முதல் ஸ்டார் முத்திரை கட்டாயம்.) விருந்தாளி வந்தால் மட்டும் சுழலும் விசிறியை மாற்ற வேண்டியதில்லை. போட்ட காசு திரும்பாது.

ஏ.சி. விஷயத்தில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. 2020 முதல் வரும் ஏ.சி.க்களை ஆன் செய்ததும் அவை 24 டிகிரியில் நிற்பது அதனால்தான். நாம் ரிமோட்டை எடுத்து 18-க்கு இறக்கிவிட்டுப் போர்வை தேடுகிறோம். மேற்கு ஜன்னலுக்குத் தடித்த திரைச்சீலை வாங்குவோரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயிலைத் திரை முழுவதுமாகத் திருப்பி அனுப்பாது. வெளியே தொங்கும் ஒரு வெட்டிவேர்த் தட்டியோ மூங்கில் தட்டியோ சூட்டை வாசலிலேயே நிறுத்திவிடும்.

சும்மா இருப்பவற்றில் பார்த்து வாங்க வேண்டியது மெத்தை. கடைகளில் குவிந்திருக்கும் ஃபோம் மெத்தை பாலியூரிதேன். பெட்ரோலியத்திலிருந்து வருவது. சில ஆண்டுகளில் நடுவில் குழி விழுந்துவிட்டால் அதைச் சரிசெய்ய வழியில்லை. குப்பைக் கிடங்குக்குப் போய், மட்காமல் கிடக்கும். இலவம்பஞ்சு மெத்தையும் அமுங்கும், ஆனால் அதற்கு வைத்தியம் உண்டு. தையலைப் பிரித்து, கட்டி தட்டிப்போன பஞ்சை மொட்டை மாடியில் கொட்டி, வெயிலில் காய வைத்துக் குச்சியால் அடித்தால் மறுபடி உப்பிக்கொள்ளும். கொஞ்சம் புதுப் பஞ்சு சேர்த்து, புது உறை போட்டுத் தைத்தால் அதே மெத்தை இன்னும் பல வருடம் வரும். இலவம்பஞ்சின் ஒவ்வொரு இழையும் உள்ளே வெற்றுக் குழல், மேலே மெழுகுப் பூச்சு. தண்ணீர் எளிதில் ஏறாது. ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காக்கும் உடுப்புகளில் அதை அடைத்தது இதனால்தான். தேனி மாவட்டத்தின் போடி பக்கம் இன்றும் இலவ மரங்கள் உண்டு. ஆனால் பெயரை நம்பி வாங்கக் கூடாது. இலவம்பஞ்சு என்று சொல்லி உள்ளே மில் கழிவுப் பஞ்சைத் திணிப்பது பழைய வித்தை. தையல் ஓரத்தைப் பிரித்து ஒரு பிடி எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். இலவம்பஞ்சு பட்டுப்போல வழுக்கும், லேசாக ஊதினால் பறக்கும். தூசி ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மட்டும் பஞ்சு மெத்தை தோதுப்படாமல் போகலாம்.

அடுத்தது அலமாரி. புதிய மாடுலர் கிச்சன் கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறும் நெடி மரத்தின் வாசனை இல்லை. மரத்தூளையும் சீவல்களையும் அழுத்தி ஒட்டும் பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு அது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இலேயே அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. பலகையில் ‘இ-1’ அல்லது ‘இ-0’ என்று இருந்தால் கசிவு குறைவு என்று பொருள். புதிதாக மாட்டிய அறையைச் சில வாரங்கள் ஜன்னல் திறந்தே வைப்பது நல்லது. தண்ணீர் பட்டால் இந்தப் பலகைகள் உப்பி உதிர்ந்துவிடும். 2015 வெள்ளத்தில் மூழ்கிய சென்னை வீடுகளில் இரும்பு பீரோக்களைக் கழுவித் துடைத்து மறுபடி நிமிர்த்தி வைக்க முடிந்தது. பலகை அலமாரிகள் குப்பை வண்டிக்குத்தான் போயின. என் ஓட்டு இரும்பு பீரோவுக்கே. பெயிண்ட் போனால் அடித்துக்கொள்ளலாம், முப்பது வருடம் கழித்தும் காயலான் கடையில் விலை போகும்.

மரம்தான் வேண்டும் என்றால் இரண்டு வழிகள். ஒன்று, பழைய மரம். இடிக்கும் வீடுகளின் தேக்குக் கதவும் உத்தரமும் காரைக்குடிப் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும், உள்ளூர் ஆசாரி இழைத்தால் கட்டிலாகிவிடும். இன்னொன்று ரப்பர் மரம். கன்னியாகுமரித் தோட்டங்களில் இருபத்தைந்து, முப்பது வருடம் பால் எடுத்து ஓய்ந்தபின் எப்படியும் வெட்டப்போகும் மரம் அது. பூச்சி அரிக்காமல் இருக்கப் பதம் செய்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பாயும் பையும் இதே கணக்கில் வரும். பிளாஸ்டிக் பாய் வெயிலில் நொறுங்கித் துகளாகும். கோரைப்பாய் கிழிந்தால் மண்ணோடு போய்விடும். பத்தமடைப் பாய்க்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பட்டுப் பாய் விலை கூடுதல்தான், ஆனால் அன்றாடம் படுக்க முரட்டுக் கோரையே போதும். துணிப்பையில் ஒரு பொறி இருக்கிறது. பருத்தி விளைய நிறையத் தண்ணீர் வேண்டும். பருவநிலைப் பாதிப்பை மட்டும் எடுத்துக்கொண்டாலே, சாதாரண பிளாஸ்டிக் பையை வெல்லப் பருத்திப் பையை 52 முறையாவது பயன்படுத்த வேண்டும் என்று டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2018-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது நல்ல காரியம். ஆனால் கல்யாணம்தோறும் வாங்கிவந்த தாம்பூலப் பைகள் பரணில் தூங்க, மறுபடி காசு கொடுத்துப் புதுப் பை வாங்குவது அந்த இயக்கத்துக்குச் செய்யும் உதவி அல்ல.

ஆர்.ஓ. இயந்திரம் உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை. வீட்டு ஆர்.ஓ.க்கள் பலவும் ஒரு குடம் தண்ணீர் தர இரண்டு, மூன்று குடத்தைச் சாக்கடைக்கு அனுப்புபவை. உங்கள் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 500-க்குக் கீழே இருந்தால் ஆர்.ஓ. தேவையில்லை என்பதே தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் 2019 உத்தரவு எடுத்த நிலை. வைத்திருப்பவர்கள் கழிவுக் குழாயை ஒரு வாளிக்குத் திருப்பினால் வீடு துடைக்க ஆகும்.

கழித்தே ஆகவேண்டிய சாமான்களும் வரும். பழைய மின்விசிறியில் செம்பு இருக்கிறது, காயலான் கடைக்காரர் மறுக்க மாட்டார். ஃபோம் மெத்தைதான் சிக்கல். அதைப் போகியன்று தெருவில் போட்டுக் கொளுத்துவது இன்னும் நிற்கவில்லை. எரியும் பாலியூரிதேன் ஹைட்ரஜன் சயனைடு என்ற கொடிய நச்சை வெளிவிடும். மார்கழிப் பனியோடு சேர்ந்து தரையை ஒட்டி நிற்கும் அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது பக்கத்தில் நின்று மேளம் கொட்டும் நம் வீட்டுக் குழந்தைகள். பழைய மெத்தை இருந்தால் போகிக்கு முன்பே உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். சென்னையில் இருப்பவர்கள் 1913-இல் மாநகராட்சியை அழைத்துக் கேட்கலாம்.