ஓசையின்றிக் கலையும் சினை



ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்ற ஊர்களின் பெயரைச் சொன்னவுடன் வெளியூராருக்கு நினைவில் எழுபவை தோலும் பிரியாணியுமே. ஆட்டுத்தோலை விரலால் தடவிப் பார்த்தே அதன் தரத்தைச் சொல்லிவிடும் முதியவர்கள் நம்மிடையே உண்டு. ஆனால் கொல்லையில் கட்டிக் கிடக்கும் உயிருள்ள ஆட்டைப் பற்றி நாம் அறிந்திருப்பது எவ்வளவு?

இரண்டு மூன்று வெள்ளாடுகளை வளர்த்துப் பிள்ளைகளின் பள்ளிச் செலவைச் சமாளிக்கும் தாய்மார்கள் பலர். கிடாயுடன் சேர்த்து ஐந்து மாதங்கள் ஆகியும் குட்டியைக் காணாவிட்டால், "இது மலட்டு ஆடு" என்று தீர்ப்புக் கூறி விற்றுவிடுகிறார்கள். பல வேளைகளில் அந்த ஆடு மலடன்று. சினை பிடித்து, எவரும் அறியாமலேயே கலைந்திருக்கும்.

வெள்ளாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாட்கள். முதல் சில வாரங்களில் கரு அழிந்தால் இரத்தமோ வேறு அடையாளமோ வெளியில் தெரிவதில்லை. தாயின் உடலே அதனை உறிஞ்சிக்கொள்ளும். ஆடு வழக்கம்போல் தழை தின்றுகொண்டிருக்கும். இதனைக் காட்டிக்கொடுக்கும் சாட்சி ஒன்றுதான்: சுவரில் தொங்கும் நாட்காட்டி.

கிடாயுடன் சேர்ந்த நாளைக் குறித்து வையுங்கள். ஹிஜ்ரித் தேதியானாலும் ஆங்கிலத் தேதியானாலும் சரி, ஒன்றையே கடைப்பிடியுங்கள். 18 முதல் 22 நாட்களுக்குள் ஆடு மீண்டும் பருவத்துக்கு வந்து, ஓயாமல் கத்தி, வாலை ஆட்டி, தீனியில் நாட்டமின்றி நின்றால், சினை பிடிக்கவில்லை அல்லது தொடக்கத்திலேயே அழிந்துவிட்டது என்று பொருள். இவ்விரண்டில் எது என்பதை வெளியிலிருந்து பிரித்தறிய இயலாது. அந்த நாட்களில் அமைதியாக இருந்துவிட்டு, 30 அல்லது 40 நாட்கள் கழித்துப் பருவத்துக்கு வந்தால், பிடித்த கரு கலைந்ததோ என்று ஐயுற இடமுண்டு. பொய்ச்சினை என்பதும் வெள்ளாட்டில் உண்டு. பருவமும் வராது, வயிறும் பெருக்கும், ஈற்றில் வெறும் நீரே வெளியேறும். ஆகவே ஒரு மாதம் கடந்தபின் கால்நடை மருத்துவரிடம் ஸ்கேன் செய்து பார்ப்பது நலம்.

ஏன் கலைகிறது? வேலூர் வெயிலை அறியாதவர் யார்? கத்திரி வெயிலில் நிழலும் நீருமின்றிக் கட்டப்பட்ட ஆட்டின் கருவை வெப்பமே அழிக்கக்கூடும். அரைவயிற்றுத் தீனி, சந்தைக்கு வண்டியில் நெருக்கி ஏற்றிச் செல்லுதல், மற்ற ஆடுகள் முட்டுதல் ஆகியவையும் காரணங்கள். ஆல்பெண்டசோல் என்னும் குடற்புழு மருந்தைச் சினையின் முதல் மாதத்தில் கொடுக்கலாகாது. இதனைப் பலர் அறியார்.

இதுவரை சொன்னது ஓசையற்ற இழப்பு. இரண்டு மாதங்களுக்குப் பின் ஆடு குட்டி வீசினால் நிலைமை வேறு. அங்கே ஆட்டுக்கு மட்டுமன்றி வீட்டாருக்கும் ஆபத்துண்டு.

மால்டா தீவில் பிரிட்டிஷ் படைவீரர்களை விட்டுவிட்டு வரும் காய்ச்சலொன்று வாட்டியது. அதன் கிருமியை டேவிட் புரூஸ் 1887இல் கண்டறிந்தார். அது எங்கிருந்து வருகிறதென்பது நெடுநாள் விளங்கவில்லை. 1905இல் தெமிஸ்டோக்கிளிஸ் ஸமித் என்ற மால்டா மருத்துவர் ஆடுகளைச் சோதித்தார். நோயின் அறிகுறியே இல்லாத ஆடுகளில் அக்கிருமி இருந்தது. மறு ஆண்டு படையினருக்கு ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டதும் காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. புரூசெல்லா எனப்படும் அந்தக் கிருமிதான் ஆடுகள் குட்டி வீசுவதற்கும் ஒரு காரணம். வீசிய குட்டியிலும் நஞ்சுக்கொடியிலும் கசிவிலும் அது திரளாக இருக்கும்.

ஆகவே சகோதரிகளே, குட்டி வீசிய ஆட்டின் அருகே கருவுற்ற பெண் எவரும் செல்ல வேண்டாம். "மருமகளே, அதைக் கொஞ்சம் எடுத்துப் போடு" என்று சொல்லாதீர்கள். அவள் வயிற்றுக் கருவையே கலைக்கவல்ல கிருமிகள் அதில் இருக்கக்கூடும். மற்றவர்களும் வெறுங்கையால் தொடாமல் கையுறையும் முகமூடியும் அணியவேண்டும். அந்த ஆட்டைத் தனியே கட்டுங்கள். வீசியதை நாய்க்கு எறியாமல், கிணற்றுக்குத் தொலைவில் ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு இட்டுப் புதைத்து, அந்த இடத்தைப் பிளீச்சிங் பவுடரால் கழுவுங்கள். எந்த ஆட்டின் பாலையும் காய்ச்சாமல் பருகாதீர்கள். வீட்டில் எவருக்கேனும் வாரக்கணக்கில் காய்ச்சலும் மூட்டுவலியும் நீடித்தால், ஆடு குட்டி வீசிய செய்தியை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். நாம் சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரியும்?

அந்த ஆட்டைச் சத்தமின்றிச் சந்தையில் தள்ளிவிடுவோரும் உண்டு. குறையை மறைத்து விற்பதை மார்க்கம் தடுத்திருக்கிறது. வாங்குபவர் வீட்டிலும் ஒரு மருமகள் இருப்பாள்.

ஒரே மந்தையில் இரண்டு ஆடுகள் அடுத்தடுத்துக் குட்டி வீசினால் தொற்று என்றே கருதி, அரசு கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற எண்ணுக்கோ தெரிவியுங்கள். புதைக்குமுன் மருத்துவரைக் கேளுங்கள். சோதனைக்கு நஞ்சுக்கொடி தேவைப்படலாம். தேவையென்றால் இரட்டை உறையிலிட்டுப் பனிக்கட்டி வைத்த பெட்டியில் அனுப்புங்கள். வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் மட்டும் அதனை வைத்துவிடாதீர்கள்.