ஞாயிற்றுக்கிழமைத் தந்தை

அமெரிக்காவில் பிள்ளை வளர்ப்பைப் பற்றிய இதழ்களும் கையேடுகளும் பெற்றோர் இருவருக்குமானவை என்று சொல்லிக்கொண்டு வெளிவந்தாலும், அவற்றின் பக்கங்களில் தந்தை பெரும்பாலும் வந்துபோகும் விருந்தாளியாகவே இருந்திருக்கிறார். ஜார்ஜ் ஹெக்ட் 1926இல் தொடங்கி, 1929 முதல் ‘பேரன்ட்ஸ் மேகஸின்’ என்ற பெயர் பெற்ற மாத இதழ் பெரும்பாலும் தாயை நோக்கியே பேசியது. 1930களில் தந்தையருக்கென்று அது தனிப் பத்தி ஒன்றை ஒதுக்கியது மரியாதைபோலத் தோன்றினாலும், மற்றப் பக்கங்கள் யாருக்கு என்பதை அந்த ஏற்பாடே சொல்லாமல் சொல்லிவிட்டது.

மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக் 1946இல் வெளியிட்ட குழந்தை வளர்ப்பு நூல், பல தலைமுறைகள் தலைமாட்டில் வைத்திருந்த நூல். குழந்தையிடம் குழைவது ஆண்மைக்கு இழுக்கல்ல என்று தந்தையருக்குத் துணிந்து கூறிய அவரே, தாய்க்குச் சமமாக அவர்கள் புட்டிப்பால் புகட்டவோ துணி மாற்றவோ வேண்டியதில்லை, ஞாயிற்றுக்கிழமை பால் கலந்து தந்தால் நல்லது என்று எல்லையும் வகுத்தார். அக்காலத்தில் பால் கலப்பதென்பது, நீர் வற்றவைத்த டின் பாலோடு தண்ணீரையும் சோளப்பாகையும் அளந்து சேர்த்து, புட்டிகளைக் கொதிநீரிலிட்டு, ஒரு நாளைக்குத் தேவையானதை மொத்தமாகத் தயாரித்து வைக்கும் வேலை. ஆறு நாள் அதைச் செய்த தாய்க்குக் கிடைக்காத பாராட்டு, ஏழாம் நாள் செய்த தந்தைக்குக் கிடைத்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. பெண்ணியவாதி குளோரியா ஸ்டைனெம் உள்ளிட்டோரின் கடும் கண்டனத்துக்குப் பின், 1976ஆம் ஆண்டுப் பதிப்பில் தந்தையின் பொறுப்பும் தாயின் பொறுப்புக்கு நிகரானதே என்று ஸ்பாக் திருத்தி எழுதினார். திருத்தத்துக்கு முப்பது ஆண்டுகள் பிடித்தன.

நூலாசிரியர் மனம் மாறலாம். வீட்டுக்கு வேண்டியதை வாங்குபவர் தாயே என்று கணக்கிட்டு, அவரது கவனத்தையே சரக்காக விலைக்கு வாங்கும் விளம்பரதாரர் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. தந்தையரிடம் குழந்தையை ஒப்படைப்பதே டயப்பருக்கு வைக்கும் கடுஞ்சோதனை என்று நகைத்த ஹக்கீஸ் விளம்பரம், தந்தையரின் எதிர்ப்பால் 2012இல் மாற்றப்பட்டது. பிரிட்டனில் ‘அமேசான் ஃபேமிலி’ என்று வழங்கிய, பெற்றோருக்கான தள்ளுபடிச் சேவைக்கு இணையானதை அமெரிக்காவில் ‘அமேசான் மாம்’ என்று 2010இல் தொடங்கிய நிறுவனம், கையெழுத்து இயக்கம் வலுத்த பிறகு, 2015இன் இறுதியில்தான் அங்கும் அதைக் குடும்பத்தின் பெயருக்கு மாற்றியது.