வீட்டுக் காற்றை நீங்களே சோதிக்கலாம்!

கம்ப்யூட்டர் டேபிளைச் சுவரிலிருந்து ஒரு அடி முன்னால் இழுத்து, பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். சுவரில் கறுப்பாகவோ பச்சையாகவோ புள்ளிகள் தெரிகின்றனவா? பல நாள் மூடிக் கிடந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தது போன்ற வாடை வருகிறதா? அப்படியானால் அங்கே பூஞ்சணம் பிடித்திருக்கிறது. அடுத்து, கேபினட்டின் பின்னால் உள்ள விசிறியைப் பாருங்கள். கம்ப்யூட்டர் ஓடும் நேரமெல்லாம் அந்த விசிறி அறையின் காற்றை இழுத்துத் தள்ளுகிறது. அதில் அப்பியிருக்கும் தூசி, நீங்கள் சுவாசிக்கும் அதே காற்றில் இருந்ததுதான்.

இந்தக் காற்றை அளக்க இப்போது பல கருவிகள் விற்பனைக்கு வந்துவிட்டன. பூஞ்சணம் சோதிக்கும் கிட், ஈரப்பதம் காட்டும் மீட்டர், தூசி அளக்கும் மீட்டர் என்று ஆன்லைன் கடைகளில் வரிசையாகக் கிடைக்கின்றன. எதை வாங்கலாம், எது வீண் செலவு, வாங்கியதை வீட்டில் எங்கே வைப்பது? குழந்தைக்கு அடிக்கடி வீசிங் வரும் வீட்டிலும், அம்மா விறகடுப்பில் சமைக்கும் வீட்டிலும் இது வெறும் பொழுதுபோக்கு அல்ல. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பூஞ்சணத்துக்கு கிட் தேவையா?

தேவையில்லை. கிட் என்பது பெரும்பாலும் ஒரு சிறிய வட்டத் தட்டுதான். அதைத் திறந்து வைத்துவிட்டு, சில நாள் கழித்துப் பூஞ்சணம் வளர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். கட்டாயம் வளர்ந்திருக்கும்! பூஞ்சணத்தின் விதைத்துகள்கள் எல்லா வீட்டுக் காற்றிலும், தோட்டத்துக் காற்றிலும் இருக்கின்றன. மூடி வைக்காத இட்லி மாவுக்கும் நாலு நாள் பழைய ரொட்டிக்கும் என்ன ஆகிறதோ, அதேதான் இந்தத் தட்டுக்கும் ஆகிறது.

காற்றில் இத்தனை விதைத்துகள் வரை இருக்கலாம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு கூட வரம்பு எதுவும் வைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியும்படி பூஞ்சணம் இருந்தால், பெரும்பாலும் சோதனையே வேண்டாம் என்பதுதான் அதன் ஆலோசனை. கண்ணும் மூக்கும் சொன்ன பிறகு கிட்டிடம் கேட்க ஒன்றும் இல்லை.

அளக்க வேண்டியது ஈரத்தை!

பூஞ்சணம் வளரத் தேவையான பொருள்களில் நாம் கட்டுப்படுத்தக்கூடியது ஈரம் ஒன்றுதான். நம் தர்மபுரி மாவட்டத்தில் பட்டுப்புழு வளர்ப்பவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. வளர்ப்பு மனையில் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் பார்க்க, ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் ஒன்றும் சுற்றாதது ஒன்றும் அருகருகே மாட்டி வைப்பார்கள். குளிரும் ஈரமும் சேர்ந்தால், செத்த புழு சுண்ணாம்புக் கட்டி போல் இறுகிவிடும் பூஞ்சை நோய் வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். புழுவுக்கு மீட்டர் மாட்டும் நாம், நாம் தூங்கும் அறைக்கு மாட்டுவதில்லை.

வீட்டுக்கு டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் போதும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வீட்டுக்குள் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியிலேயே அதற்கு மேல் இருக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மழை விட்டு வெயில் அடித்த பிறகும் ஹாலைவிட ஒரு அறையில் மட்டும் எப்போதும் கூடுதலாகக் காட்டுகிறதா? அந்த அறையில்தான் பிரச்னை.

விலை குறைந்த மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று வீட்டிலேயே சரிபார்க்கலாம். செய்ய வேண்டியது இதுதான்:

1. ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பை நிரப்புங்கள்.
2. உப்பு கரைந்துவிடாமல் ஈரக்களி போல் ஆகும் அளவு சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள்.
3. மூடியையும் மீட்டரையும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து மூடுங்கள். உப்பு மீட்டரில் படக் கூடாது.
4. இரவு முழுதும் விட்டு, காலையில் திறக்காமலே பாருங்கள். 75 சதவீதம் காட்ட வேண்டும்.

70 என்று காட்டினால் உங்கள் மீட்டர் 5 குறைத்துக் காட்டுகிறது. இனி ஒவ்வொரு முறையும் 5 கூட்டிக்கொள்ளுங்கள்.

ஈரம் எங்கிருந்து வருகிறது?

சுவரில் ஓதம் ஏறுகிறதா, அல்லது அறையின் ஈரம் சுவரில் படிகிறதா? இதற்குப் பைசா செலவில்லாத சோதனை உண்டு. ஒரு அடிச் சதுரத்துக்கு பிளாஸ்டிக் தாளை வெட்டி, நாலு பக்கமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டிச் சுவரில் பொருத்துங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் ஈரம் இருந்தால், அது சுவருக்குள்ளிருந்து வருகிறது. குளியலறைக் குழாய்க் கசிவு, மொட்டைமாடி விரிசல், நிரம்பி வழியும் தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். தாளின் வெளிப்பக்கம் ஈரம் இருந்தால் அறைக்குக் காற்றோட்டம் போதவில்லை.

புகையும் தூசியும்

பி.எம். 2.5 என்பது 2.5 மைக்ரான் அல்லது அதைவிடச் சிறிய துகள்களைக் குறிக்கும். தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் இது எவ்வளவு சிறியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதை அளக்கும் வீட்டு மீட்டருக்குள் ஒரு சின்ன லேசர் இருக்கிறது. காற்றைக் குட்டி விசிறி இழுக்க, துகள்கள் சிதறடிக்கும் ஒளியை வைத்து மீட்டர் கணக்கிடுகிறது. ஈரப்பதம் மிக அதிகமாக இருந்தால் துகள்கள் நீரை உறிஞ்சிப் பெருத்து, மீட்டர் கூடுதலாகக் காட்டும். பனி, மழை நேரத்து எண்ணை அப்படியே நம்பாதீர்கள்.

ஒரு நாள் சராசரி, ஒரு கன மீட்டர் காற்றில் 15 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது 2021ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல். நம் நாட்டில் 2009ல் வகுத்த தரப்படி இது 60.

மீட்டரை எங்கே வைக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர், தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 436 கிராமத்து வீடுகளில் காற்றை அளந்து 2002ல் ஆய்வை வெளியிட்டனர். நுரையீரலுக்குள் செல்லும் நுண்துகள், விறகு போன்றவற்றில் சமைக்கும் நேரத்தில் 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை இருந்தது. அந்த வீடுகளில் சமைப்பவர்கள் சுவாசித்தது 24 மணி நேரச் சராசரியாக 231. அதே வீடுகளில் சமைக்காதவர்கள் சுவாசித்தது 90. காஸ் போன்ற புகையில்லாத எரிபொருள் பயன்படுத்திய வீடுகளில் அது சுமார் 82.

ஒரே கூரைக்குக் கீழே 231, 90 என்று இரண்டு விதமான காற்று! ஹாலில் டிவி பக்கத்தில் மீட்டரை வைத்துவிட்டு "நம் வீட்டில் பரவாயில்லை" என்று சொன்னால், அடுப்படியில் இருப்பவர் கணக்கிலேயே வரவில்லை. சமைப்பவரின் மூக்கு உயரத்துக்கு, அடுப்பிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி வைத்து அளந்து பாருங்கள். இரவில் குழந்தை தூங்கும் இடத்திலும் வையுங்கள். கொசுவத்தி கொளுத்தும் வீடென்றால் இது அவசியம். சீனாவிலும் மலேசியாவிலும் விற்ற கொசுவத்திகளை எரித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2003ல் வெளியானது. ஒரு சுருள் எரிந்தால் வரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று அது கண்டது.

செல்போன் ஆப் போதுமா?

போதாது. சாதாரணச் செல்போனில் தூசியை அளக்கும் சென்சார் கிடையாது. ஆப் காட்டும் எண், எங்கோ உள்ள கண்காணிப்பு நிலையத்திலிருந்து இன்டர்நெட் வழியே வருவது, அல்லது கணித்துப் போடுவது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' ஆப் நல்ல ஆப்தான். ஆனால் அது ஊர்க் காற்றைச் சொல்லும், உங்கள் சமையலறையைச் சொல்லாது. இன்னொன்று, ஆப்பில் வரும் ஏ.க்யூ.ஐ. எண்ணும் மீட்டரின் மைக்ரோகிராமும் ஒன்றல்ல. நம் நாட்டுக் கணக்கில் பி.எம். 2.5 60 மைக்ரோகிராம் இருந்தால் ஏ.க்யூ.ஐ. 100.

எக்ஸெல்லில் போடுங்கள்

ஒரே ஒரு எண்ணைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். ஐந்து நாள் அளந்து வரைபடமாகப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

1. எக்ஸெல்லைத் திறந்து, நேரம், வெளியே, ஹால், சமையலறை, குறிப்பு என்று ஐந்து தலைப்புகள் இடுங்கள். எக்ஸெல் இல்லையென்றால் இலவச லிப்ரே ஆபீஸ் போதும்.
2. காலை 6, 8, மதியம் 1, மாலை 5, இரவு 8, 10 மணிக்கு அளந்து பதியுங்கள். ஒரே மீட்டர்தான் என்றால் மூன்று இடங்களிலும் அடுத்தடுத்து, சில நிமிடம் நிலைக்க விட்டு அளக்கவும்.
3. நேரத்தைத் 'திங்கள் காலை 8' என்று எழுத்தாகவே அடியுங்கள். அப்போது எக்ஸெல் அதைக் கணக்கில் சேர்க்காமல் வரைபடத்தின் கீழே பெயராகப் போடும்.
4. தாளிப்பு, சாம்பிராணி, வாசல் பெருக்கியது, பக்கத்தில் குப்பை எரித்தது எல்லாம் குறிப்பில் வரட்டும்.
5. முதல் நான்கு பத்திகளைத் தேர்ந்தெடுத்து, இன்செர்ட் டேபில் லைன் சார்ட்டைக் கிளிக் செய்திடுங்கள்.

வெளியே, உள்ளே இரண்டு கோடும் சேர்ந்து ஏறினால் காரணம் வெளியில். அந்த நேரத்தில் ஜன்னலை மூடுவதுதான் சரி. உள்கோடு மட்டும் ஏறினால் காரணம் வீட்டுக்குள். அப்போது ஜன்னலைத் திறக்க வேண்டும். அடுத்த வாரம் எக்ஸாஸ்ட் பேன் போட்டோ, ஜன்னல் திறந்தோ மீண்டும் அளந்து, இரண்டு வரைபடங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து ஏர் ப்யூரிபையர் வாங்கும் முன் இதைச் செய்வது நல்லது.

அளந்தபின் கவனிக்க

மூன்றடிக்கு மூன்றடி அளவுக்குள் உள்ள பூஞ்சணத்தை மாஸ்க், கையுறை அணிந்து, சோப்புத் தண்ணீரால் தேய்த்து நீங்களே சுத்தம் செய்யலாம். அதற்கு மேல் பரவியிருந்தால் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். கசிவை அடைக்காமல் மேலே பெயின்ட் அடித்தால் பூஞ்சணம் திரும்ப வரும். எது நனைந்தாலும் ஒன்றிரண்டு நாளுக்குள் உலர்த்திவிடுங்கள்.

தூசி மீட்டர் கார்பன் மோனாக்சைடைக் காட்டாது என்பதையும் மறக்க வேண்டாம். மூடிய குளியலறையில் காஸ் கீசர், குளிருக்காக அறைக்குள் கரி அடுப்பு இரண்டும் உயிருக்கு ஆபத்து. மீட்டரில் எண் குறைவாக இருக்கிறது என்று அங்கே நம்பி இருக்காதீர்கள். மூச்சுத் திணறலோ விடாத இருமலோ இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள். போகும்போது அந்த ஐந்து நாள் வரைபடத்தையும் பிரின்ட் எடுத்துக்கொண்டு போங்கள்.