மறந்துபோனவரை மறவாத வீடு

(வானொலியில் வழங்கப்பட்ட மறையுரை)



நம் திருப்பூரில் ஒரு லைன் வீட்டை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். காலை மணி ஏழரை. எட்டரைக்குள் பனியன் கம்பெனியில் இருக்கவேண்டிய தாய், மூன்று வயது மகனுக்கு அவசர அவசரமாக இட்லி ஊட்டுகிறார். நைட் ஷிப்ட் முடித்துவந்த கணவர் இப்போதுதான் படுத்திருக்கிறார். சுவரோரம் உட்கார்ந்திருக்கும் அப்பத்தா, "எனக்கு இன்னும் ஒண்ணும் போடலியே அம்மிணி" என்கிறார். அவர் சாப்பிட்டுப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பையன் தாயைப் பார்த்துக் கேட்கிறான்: "அப்பத்தா ஏம்மா பொய் சொல்லுது?"

அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்பதே நமது இன்றைய சிந்தனை.

முதல் பதில்: அது பொய் அல்ல, நோய். டிமென்ஷியா என்னும் மறதிநோயில் மூளையின் செல்கள் சிறிதுசிறிதாகச் சிதைகின்றன. அவற்றுள் அதிகம் காணப்படும் அல்சைமர் நோயை 1906இல் ஜெர்மானிய மருத்துவர் ஒருவர் முதன்முதலில் விவரித்தார். பொதுவாக அண்மையில் நடந்தவையே முதலில் அழியும், பழைய நினைவுகள் நெடுநாள் நிற்கும். ஆகவேதான் காலையில் தின்ற இட்லி அப்பத்தாவுக்கு நினைவில்லை. ஆனால் இளவயதில் வேலைக்குப் போன கம்பெனியும் கூட வேலைபார்த்தவர்களும் நினைவில் இருக்கிறார்கள். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேருக்கு, இந்நோய் இருப்பதாக 2023இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. அடுத்த வீட்டுக்காரர் சொல்லாமல் மறைத்திருக்கலாம். நீங்கள் மட்டும் தனியாக இல்லை.

"வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடுவது தவறு. "வேணும்னே பண்றாங்க" என்று கோபிப்பதும் தவறு. தைராய்டு குறைபாடு, பி12 சத்துக்குறைவு, மனச்சோர்வு போன்றவற்றாலும் மறதி வரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. எனவே முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரெனக் குழம்பினால் காத்திருக்க வேண்டாம், அன்றே அழைத்துச் செல்லுங்கள்.

அன்பானவர்களே, திருக்குடும்ப விழாவில் நாம் கேட்கும் சீராக்கின் ஞான நூல் மூன்றாம் அதிகாரம் இந்த நிலையை அறிந்தே பேசுகிறது. கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட நூல் அது. தந்தையின் அறிவு தளர்ந்துபோன பிறகும் அவரை இகழாதே, பொறுத்துக்கொள் என்று அது மகனுக்குச் சொல்கிறது. அவர் உன்னை அடையாளம் காணும்வரை மட்டும் மதித்துவா என்று சொல்லவில்லை. நான்காம் கட்டளையைச் சிறு பிள்ளைகளுக்கு உரியது என்று எண்ணுகிறோம். உண்மையில் அது வளர்ந்த பிள்ளைகளையும் கட்டுகிறது.

பொறுத்துக்கொள்வது எப்படி? பொழுது சாயும் நேரத்தில் இந்நோயாளிகள் பலருக்குத் தவிப்பு கூடும். "நான் ஊருக்குப் போகணும்" என்று அப்பத்தா வாசலுக்கு வருவார். "இதுதான் உங்க வீடு" என்று வாதாடினால் அவர் இன்னும் கலங்குவார். "ஊர்ல யாரெல்லாம் இருக்காங்க?" என்று கேளுங்கள். பேசப்பேச அமைதி திரும்பும். துணி மடித்துப் பழகிய கைகளுக்கு நாலு துண்டைக் கொடுங்கள், பேரனும் கூட உட்கார்ந்து மடிக்கட்டும். அவர் சிறுவயதில் கற்ற பிரியதத்த மந்திரத்தை மெல்லத் தொடங்கிப் பாருங்கள். மகனின் பெயரை மறந்தவரும் சிலவேளை அந்தச் செபத்தைக் கூடவே சொல்லி முடிப்பார்.

ஆனால் குழந்தையை அவர் பொறுப்பில் தனியே விட்டுச்செல்லாதீர்கள். அடுப்பை அணைக்க மறப்பார், கதவைத் திறந்துகொண்டு நடப்பார். அதேபோல அப்பத்தாவைப் பார்த்துக்கொள்ளும் காவலையும் குழந்தையின் தலையில் வைக்காதீர்கள். வெளியே போகும்போது சிலிண்டரை மூடுங்கள். மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டு எப்போதும் அவரிடம் இருக்கட்டும்.

பையனுக்கு அவன் மொழியிலேயே சொல்லுங்கள்: "அப்பத்தாவுக்கு மூளைல நோவு கண்ணு. அதனால மறந்துபோயிடுது. உன் மேல கோபமில்ல. நீ பண்ணின எதனாலயும் வரல. உனக்கு ஒட்டாது." குழந்தைக்கு இது போதும். மீதியை அவன் நம்மைப் பார்த்துக் கற்றுக்கொள்வான்.

திருத்தந்தை பிரான்சிஸ், 2015 மார்ச் 4 அன்று வழங்கிய மறைக்கல்வியில், தம் பாட்டி சொன்ன கதை ஒன்றை நினைவுகூர்ந்தார். ஒரு வீட்டில் தாத்தா கை நடுங்கிச் சூப்பைச் சிந்திவிடுவார். மகன் அவரைக் குடும்ப மேசையிலிருந்து விலக்கி, சமையலறையில் தனிமேசை போட்டுவிட்டான். சில நாள் கழித்து அவனுடைய சிறுபிள்ளை மரத்துண்டும் ஆணியுமாக ஏதோ செய்துகொண்டிருந்தான். என்னவென்று தந்தை கேட்டபோது, மேசை செய்வதாகவும், தந்தைக்கு வயதாகும்போது அவர் உட்கார்ந்து சாப்பிட அது வேண்டுமென்றும் சொன்னான். நம் வீட்டுப் பிள்ளைகளும் இப்போது எதையோ செய்யக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். இந்தக் கட்டளை மருமகள் ஒருத்திக்கு மட்டும் கொடுக்கப்பட்டதல்ல. பகலெல்லாம் செக்கிங் மேசை முன் நின்று, இரவில் குழந்தைக்கும் மாமியாருக்கும் மாறிமாறி எழுந்து, ஒருநாள் கத்திவிட்டு, பிறகு அதற்காக அழும் பெண்கள் நம்மிடையே இருக்கிறார்கள். சகோதரியே, நீ கெட்டவள் அல்ல. களைத்திருக்கிறாய். உதவி கேட்பது பாவமில்லை. வெளியூரிலிருந்து பணம் மட்டும் அனுப்பும் மகன்களே, மகள்களே, மாற்கு நற்செய்தி ஏழாம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். பெற்றோருக்குரியதைக் கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லிக் கைகழுவியவர்களை இயேசு கடிந்துகொள்கிறார். கோயிலைக் காரணம் காட்டினாலே அவர் ஏற்கவில்லை என்றால், ஓவர்டைமைக் காரணம் காட்டினால் ஏற்பாரா? மாதத்தில் ஒரு ஞாயிறாவது வந்து அம்மாவுடன் இருங்கள்.

சிலுவையடியில் ஆண்டவர் தம் தாயைத் தம் சீடரிடம் ஒப்படைத்தார். அந்தச் சீடர் அவரைத் தம் வீட்டில் ஏற்றுக்கொண்டார். முதியோரைப் பார்த்துக்கொள்வது திருச்சபையின் கடமையும்கூட என்பதை அதில் காண்கிறோம். தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்குமான உலக நாளைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் ஏற்படுத்தினார். ஆண்டுதோறும் ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறன்று அதைக் கொண்டாடுகிறோம். அன்று மாலை போட்டுப் பாராட்டுவதோடு நிறுத்தாமல், நம் அன்பியங்கள் ஒன்று செய்யலாம். இப்படிப்பட்ட வீட்டில் வாரம் இரண்டு மணி நேரம் யாராவது ஒருவர் அப்பத்தாவோடு உட்காரட்டும். அந்தத் தாய் தூங்கட்டும், அல்லது குழந்தையைப் பூங்காவுக்கு அழைத்துப் போகட்டும். கோயிலுக்கு வர இயலாதவருக்கு நற்கருணை கொண்டுவரவும், நோயில்பூசுதல் வழங்கவும் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள். முதியோருக்கான அரசின் கட்டணமில்லா உதவி எண் 14567. மனம் தாங்க முடியாமல் தவிப்பவர்களுக்கு 14416.

நாளை காலையும் அப்பத்தா, "ஒண்ணும் போடலியே" என்பார். ஒரு வாய் காப்பியைக் கையில் கொடுத்து, "இந்தாங்க அத்தை" என்று சொல்ல முடிந்தால் போதும். பையன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

செபிப்போமாக. ஆண்டவரே, எங்கள் பெயரை மறந்துபோனவர்களின் பெயரை நீர் மறப்பதில்லை. அவர்களைத் தாங்கும் கைகளுக்கு வலுவும் ஓய்வும் தாரும். ஆமென்.