விழுந்தால் போச்சா? பனிக்கட்டி ஆட்டத்தின் விதிகள்

ஒகேனக்கலில் பாசி படிந்த பாறையில் கால் வைத்தவர்களுக்கு வழுக்கல் என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. கையைப் பிடித்துக்கொள்ள ஆள் இருக்கும்போதே விழுகிறோம்! அதைக் காட்டிலும் வழவழப்பான பனிக்கட்டித் தரையில், காலணிக்கு அடியில் கத்தி போன்ற இரும்புத் தகட்டைக் கட்டிக்கொண்டு, எகிறிக் குதித்து, காற்றில் மூன்று சுற்றுச் சுற்றி, ஒற்றைக் காலில் இறங்குகிறார்கள் சிலர். இந்த ஆட்டத்துக்குப் பெயர் 'பிகர் ஸ்கேட்டிங்'.

தர்மபுரிப் பக்கம் பனிக்கட்டியைப் பார்க்க வேண்டுமானால் மீன் கடைக்குத்தான் போக வேண்டும். ஆனாலும் டெலிவிஷனிலும் செல்போனிலும் இந்த ஆட்டம் நம் வீட்டுக்குள் வந்துவிட்டது. ஆடுகிற பெண் தொப்பென்று விழுந்தால், "ஐயோ பாவம், எல்லாம் போச்சு!" என்கிறாள் பாட்டி.

போகவில்லை பாட்டி!

விழுந்தாலும் மார்க் உண்டு

ஒவ்வொரு தாவலுக்கும் இவ்வளவு மார்க் என்று முன்னதாகவே பட்டியல் இருக்கிறது. காற்றில் நான்கு முறை சுற்றும் மிகக் கடினமான தாவல் ஒன்றுக்குச் சுமார் 11 மார்க் என்று வைத்துக்கொள்வோம். சுற்றை முழுவதும் முடித்துவிட்டு இறங்கும்போது விழுந்தால், அதில் ஏறக்குறையப் பாதி குறையும். விழுந்ததற்கு அபராதம் 1 மார்க். அப்படியும் நாலரை மார்க் கையில் நிற்கும். அதே தாவலை இரண்டே சுற்றோடு நிறுத்தி, விழாமல் அழகாக இறங்கினவருக்கு அவ்வளவு கிடைக்காது! அதனால்தான் விழுவோம் என்று தெரிந்தே துணிகிறார்கள்.

ஆனால் விழுவதற்கும் ஓர் அளவு உண்டு. பெரியவர்கள் போட்டியில் மூன்றாவது முறை விழுந்தால் அபராதம் 2 மார்க் ஆகிவிடும். சுற்று குறைந்திருந்தால் தாவலின் மதிப்பே இறங்கும். ஆட்டத்தின் அழகுக்குத் தரும் மார்க்கும் அடிபடும்.

ஆறுக்கு ஆறு எங்கே?

"நடுவருக்குப் பிடித்தவர்தான் ஜெயிப்பார்" என்று சொல்பவர்கள் உண்டு. இதை முற்றிலும் கட்டுக்கதை என்று தள்ளிவிட முடியாது. முன்பு உயர்ந்த மார்க் 6. அமெரிக்காவில் சால்ட் லேக் நகரத்தில் 2002-இல் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் ரஷ்ய ஜோடிக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். பிரெஞ்சு நடுவர் ஒருவர் நிர்ப்பந்தத்துக்கு ஆளானார் என்று புகார் கிளம்பியது. உலகமெங்கும் அமளி! கடைசியில் கனடா ஜோடிக்கும் ஒரு தங்கம் கொடுத்துத்தான் சமாளித்தார்கள்.

அதன்பின் 2004-இல் அந்த 6 மார்க் முறையையே கைவிட்டார்கள். இப்போது பெரிய போட்டிகளில் 9 நடுவர்கள். மிக அதிகமான மார்க்கையும் மிகக் குறைவான மார்க்கையும் நீக்கிவிட்டு, மீதிக்குத்தான் சராசரி எடுக்கிறார்கள். எத்தனை சுற்று, எந்த வகைத் தாவல் என்று பார்ப்பது வேறொரு குழு. மனிதர்கள் மார்க் போடும்வரை சந்தேகம் அடியோடு தீராதுதான்!

பல்டி அடிக்கலாமா?

பின்பக்கமாகப் பல்டி அடித்தால் ஆட்டத்திலிருந்தே விலக்கிவிடுவார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆபத்தானது என்று 1976-க்குப் பிறகு தடை செய்திருந்தார்கள் என்பது உண்மை. பிரான்சின் சூர்யா போனாலி என்ற வீராங்கனை 1998-இல் ஜப்பானின் நகானோ ஒலிம்பிக்கில் தெரிந்தே பல்டி அடித்து, ஒற்றைக் காலில் இறங்கினார். மார்க்கைக் குறைத்தார்களே தவிர, அவரை வெளியேற்றவில்லை. 2024 முதல் அந்தத் தடையும் போய்விட்டது.

பெண்கள் குட்டைப் பாவாடைதான் போட வேண்டும் என்பதும் பழங்கதை. 2004 முதல் கால்சட்டை அணிந்தும் ஆடலாம்.

நம் தாரா

சீனாவின் ஹார்பின் நகரில் 2025 பிப்ரவரியில் ஆசிய குளிர்கால விளையாட்டு நடந்தது. அதில் இந்தியாவுக்காக ஆடி 8-வது இடம் பெற்றவர் தாரா பிரசாத். தமிழ்க் குடும்பத்துப் பெண். 2000-இல் அமெரிக்காவில் பிறந்து, அங்கேயே ஆடக் கற்றவர்.

பூர்வீகம் இந்தியா என்றால் இந்தியாவுக்கு ஆடிவிடலாம் என்று எண்ண வேண்டாம். ஜோடி ஆட்டமானால் இருவரில் ஒருவர் அந்த நாட்டுக் குடிமகனாக இருந்தாலே உலகப் போட்டியில் ஆடலாம்; ஒலிம்பிக்கில் மட்டும் இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும்.  தாரா 2019-இல் இந்தியக் குடியுரிமை பெற்ற பிறகே நம் நாட்டின் பெயரால் பனிக்கட்டியில் இறங்கினார்.